கடைசிக் குழாய் வரைக்கும் குளோரின்: ஊர்த் தொட்டியில் மருந்து கலக்கப் பழகுவோருக்கு

ஊராட்சியில் புதிதாக டேங்க் ஆபரேட்டராகச் சேர்ந்தவர்களுக்காகவும், தண்ணீர்ப் பரிசோதனைப் பெட்டியைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு எங்கே தொடங்குவது என்று யோசிக்கும் சுயஉதவிக் குழு அக்காக்களுக்காகவும், இதையெல்லாம் மேற்பார்வை பார்க்க வேண்டிய வார்டு உறுப்பினர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். கொங்குப் பக்கத்தில் இந்த வேலையை "மருந்து போடறது" என்பார்கள். மருந்து என்றால் பிளீச்சிங் பவுடர். வேலை சின்னதுதான். ஆனால் ஓர் ஊரின் வயிறு இந்த வேலையை நம்பித்தான் இருக்கிறது.

எத்தனை கிராம் போட்டோம் என்பதோடு வேலை முடிந்துவிட்டதாகப் பல ஊர்களில் நினைக்கிறார்கள். தொட்டியிலிருந்து ரொம்பத் தூரத்தில் இருக்கும் கடைசிக் குழாயில் குளோரின் மிச்சம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அங்கே இருந்தால் போட்ட அளவு சரி. இல்லையென்றால், மூட்டை மூட்டையாகத் தீர்ந்திருந்தாலும் சரியில்லை. கீழே சொல்லும் எல்லாமே அந்தக் குழாயில் போய் நிற்கும்.

முதலில் உங்கள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

நம் ஊர்களில் பெரும்பாலும் இரண்டு தண்ணீர் உண்டு. ஒன்று, கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வரும் ஆற்றுத் தண்ணீர்: பவானி, காவிரி, அமராவதி, ஆழியாறு, சிறுவாணி, பில்லூர் என்று ஊருக்கு ஏற்ப மாறும். இன்னொன்று ஊராட்சியின் போர்த் தண்ணீர். ஆற்றுத் தண்ணீரைச் சுத்திகரிப்பு நிலையத்திலேயே குளோரின் கலந்துதான் அனுப்புகிறார்கள். அதனால் "அது மருந்து போட்ட தண்ணிதானுங்க, நாம எதுக்குப் போடணும்" என்ற பேச்சு எல்லா ஊரிலும் இருக்கிறது. பல கிலோமீட்டர் குழாயில் ஓடி, வழியில் தரைமட்டத் தொட்டியில் தங்கி உங்கள் ஊருக்கு வருவதற்குள் அந்தக் குளோரின் கரைந்துபோகும். வந்து விழும் தண்ணீரை ஒருமுறை சோதித்துப் பாருங்கள், எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துவிடும்.

போர்த் தண்ணீரில் வேறு சிக்கல். ஆயிரம் அடி ஆழத்திலிருந்து வருகிறதே, அதில் கிருமி எங்கே இருக்கும் என்பார்கள். போர் ஆழமாக இருக்கலாம். ஆனால் கேசிங் (போர்க் குழிக்குள் இறக்கும் காப்புக் குழாய்) ஓரத்தில் விரிசல் இருந்தால் மேல்மண்ணின் அழுக்கு நேராக உள்ளே இறங்கும். பக்கத்திலேயே செப்டிக் டேங்க் இருக்கும் ஊர்களில் இது அடிக்கடி நடப்பதுதான். இரும்புச் சத்து அதிகம் உள்ள போர் என்றால், குளோரின் பட்டதும் தண்ணீர் செம்பழுப்பாகக் கலங்கும். இரும்பு குளோரினைத் தின்றுவிடும், கிருமிக்கு மிச்சம் இருக்காது. சில ஊர்களில் ஒரே தொட்டிக்குள் இரண்டு தண்ணீரும் விழும். அங்கே எந்தத் தண்ணீர் எத்தனை நாள் வந்தது என்று குறித்து வைக்காவிட்டால் மருந்துக் கணக்கு பிடிபடாது.

குளோரின் கிருமியைத்தான் கொல்லும். உப்பு, ஃபுளோரைடு, நைட்ரேட், சாயக் கழிவு எதையும் அது எடுக்காது. நொய்யல் ஓரத்து ஊர்களில் இதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொல்ல வேண்டும். அந்தச் சிக்கல் உள்ள நீராதாரத்தை மாற்றத்தான் வேண்டும், மருந்தைக் கூட்டுவதால் பயனில்லை.

தொட்டியின் கொள்ளளவு

பெரும்பாலான மேல்நிலைத் தொட்டிகளில் 10,000, 30,000, 60,000, 1,00,000 லிட்டர் என்று பெயின்டில் எழுதியிருக்கும். அழிந்து போயிருந்தால் நீங்களே கணக்குப் போடலாம். வட்டத் தொட்டி என்றால் உள்விட்டத்தை மீட்டரில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, 0.785-ஆல் பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்குங்கள். வருவது கன மீட்டர். ஆயிரத்தால் பெருக்கினால் லிட்டர். 4 மீட்டர் விட்டம், 2.4 மீட்டர் ஆழம் என்றால் 30,000 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும்.

தொட்டியில் பாதி பழைய தண்ணீர் இருக்கும்போது மோட்டார் போட்டால், புதிதாக ஏறும் பாதிக்கு மட்டும் மருந்து கணக்கிடுங்கள்.

பவுடரின் வீரியம்

நல்ல பிளீச்சிங் பவுடரில் 33 சதவீதம் வரை குளோரின் இருக்கும். நடைமுறையில் 25 சதவீதம் என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடுகிறோம். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் என்ற வழக்கம் இதிலிருந்து வந்ததுதான்: 4 கிராமில் கால் பங்கு, அதாவது 1 கிராம் குளோரின், ஆயிரம் லிட்டரில் கரைந்தால் லிட்டருக்கு 1 மில்லிகிராம். 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம், 60,000-க்கு 240, ஒரு லட்சத்துக்கு 400 கிராம்.

இந்த 25 சதவீதம் மூட்டை பிரித்த நாளிலிருந்தே குறையத் தொடங்கும். காற்றின் ஈரம், வெயில், சூடு மூன்றும் பவுடருக்கு ஆகாது. மோட்டார் ரூமில் வாய் திறந்த சாக்கு மூட்டையாக வைத்திருக்கும் ஊர்கள் எத்தனையோ. அங்கே போனால் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியைப் பாருங்கள். மூட்டைக்கு நேராக இருக்கும் பக்கத்தில் திருகாணிகள் துருப்பிடித்து, செம்புக் கம்பி பச்சை பூத்திருக்கும். மூட்டையிலிருந்து கிளம்பிய குளோரின்தான் அதைத் தின்கிறது. ஊர்த் தண்ணீருக்குப் போக வேண்டிய வீரியம் ஸ்டார்ட்டருக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

ஆகவே, இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு, மரப்பலகை மேல், நிழலில், காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். யூரியா, டீசல், கிரீஸ் இவற்றோடு சேர்த்து வைக்காதீர்கள். கழிப்பறை கழுவும் ஆசிட் பக்கத்தில் இருக்கவே கூடாது. ஆசிட்டும் பவுடரும் கலந்தால் கிளம்புவது குளோரின் வாயு, மூடிய அறையில் ஆளையே கொல்லும். மொத்தமாக வாங்கி அடுக்காமல், இரண்டு மாதத்துக்குள் தீரும் அளவுக்கு வாங்குவது நல்லது.

கையால் அள்ளிப் போடுவதை இன்றோடு விடுங்கள். "ரெண்டு கை போட்டாப் போதுமுங்க" என்று பழைய ஆபரேட்டர் சொல்லியிருப்பார். அவர் கை வேறு, உங்கள் கை வேறு, கட்டியான பவுடர் வேறு, பொடியான பவுடர் வேறு. சமையலறைக்கு விற்கும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கி, உங்கள் தொட்டிக்கான எடையை ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் போட்டுப் பார்த்து, எதுவரை வருகிறதோ அங்கே கோடு போட்டுக்கொள்ளுங்கள். புது மூட்டை பிரிக்கும்போதெல்லாம் கோட்டைச் சரிபார்க்க வேண்டும்.

உங்கள் ஊருக்கு எவ்வளவு: ஐந்து பாட்டில் சோதனை

ஆயிரத்துக்கு நாலு என்பது தொடங்கும் இடம்தான். உங்கள் தண்ணீர் எவ்வளவு கேட்கிறது என்று தண்ணீரிடமே கேட்டுவிடலாம். அரை மணி நேர வேலை, லேப் வேண்டாம்.

ஒரு பிளாஸ்டிக் வாளியில் 10 லிட்டர் தண்ணீர் எடுத்து, அதில் 10 கிராம் பவுடரை நன்றாகக் கரைத்துத் தெளிய விடுங்கள். இப்போது லிட்டருக்கு 1 கிராம் பவுடர் உள்ள கரைசல் தயார். ஐந்து ஒரு லிட்டர் பாட்டில்களைக் கழுவி, தொட்டிக்கு வரும் மருந்து போடாத தண்ணீரைச் சரியாக ஒரு லிட்டர் நிரப்புங்கள். ஊசி கழற்றிய சிரிஞ்சால் முதல் பாட்டிலில் 2 மில்லி, அடுத்தவற்றில் 3, 4, 6, 8 மில்லி என்று தெளிந்த கரைசலை விட்டு, மூடிக் குலுக்கி, நிழலில் அரை மணி நேரம் வையுங்கள். அப்புறம் ஒவ்வொன்றிலும் மிச்சக் குளோரின் பாருங்கள் (பார்க்கும் முறை கீழே "கடைசிக் குழாய்" பகுதியில் இருக்கிறது).

லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் காட்டும் பாட்டிலைக் கண்டுபிடியுங்கள். அதில் எத்தனை மில்லி விட்டீர்களோ, அதுவே உங்கள் தொட்டிக்கு ஆயிரம் லிட்டருக்கு அத்தனை கிராம். 6 மில்லி பாட்டில் என்றால் ஆயிரம் லிட்டருக்கு 6 கிராம், 30,000 லிட்டருக்கு 180. பவுடரின் வீரியம் எவ்வளவு என்று தனியாகத் தெரிய வேண்டியதில்லை, ஏனென்றால் அதே மூட்டைப் பவுடரைக் கொண்டுதான் சோதித்திருக்கிறோம். அதற்காகவே இந்த முறை எனக்குப் பிடிக்கும்.

எட்டு மில்லியிலும் ஒன்றுமே காட்டவில்லையா? ஒன்று பவுடர் செத்துவிட்டது, அல்லது தண்ணீரில் ஏதோ சேர்கிறது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டரில் 4 மில்லி கரைசலை விட்டுப் பாருங்கள். 1 மில்லிகிராம் அளவில் காட்டினால் பவுடர் 25 சதவீதம் வீரியத்தோடு நன்றாக இருக்கிறது, குறை தண்ணீரில். அப்போது மருந்தைக் கூட்டிக்கொண்டே போகாமல் நீராதாரத்தைப் போய்ப் பாருங்கள். இங்கே பாதி அளவு காட்டினால் பவுடரின் வீரியம் பாதியாகிவிட்டது என்று பொருள்.

இந்தச் சோதனையைப் புது மூட்டை பிரிக்கும்போதும், தண்ணீர் மாறும்போதும் செய்ய வேண்டும். ஆடி மாதம் ஆற்றில் புதுத் தண்ணீர் செக்கச்செவேலென்று வரும் சமயத்தில் கண்டிப்பாகச் செய்யுங்கள். கலங்கல் தண்ணீரில் மண் துகளுக்குள் கிருமி ஒளிந்துகொள்ளும், குளோரினும் சீக்கிரம் தீரும். கலங்கல் அதிகமென்றால் தெளிய விடாமல் மருந்து போடுவதில் பெரிய பலன் இல்லை.

கலக்கும் நாளில்

கையுறை, முகக்கவசம், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நில்லுங்கள். எடைபோட்ட பவுடரைப் பிளாஸ்டிக் வாளியில் கொட்டி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, கட்டி இல்லாமல் இட்லி மாவுப் பதத்துக்குக் குழைக்க வேண்டும். இரும்பு வாளி, இரும்புக் கரண்டி கூடாது. அப்புறம் முக்கால் வாளி தண்ணீர் ஊற்றிக் கலக்கிவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுவிடுங்கள். அடியில் சுண்ணாம்பு தங்கும். மேலே தெளிந்து நிற்பதுதான் மருந்து. அதை மட்டும் தொட்டிக்குள் ஊற்ற வேண்டும். பவுடரை அப்படியே தூவுவதோ, சுண்ணாம்போடு கொட்டுவதோ வேண்டாம். தொட்டியின் அடியில் வெள்ளையாகப் படிந்து வால்வை அடைப்பதும், பைப்படியில் வெள்ளைத் தண்ணீர் வருகிறது என்று ஊர் கூடுவதும் இதனால்தான்.

ஊற்றும் நேரம் முக்கியம். தொட்டி கால்வாசி நிறைந்ததும், மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே, தண்ணீர் வந்து விழும் இடத்தில் இரண்டு மூன்று தவணையாக ஊற்றினால் விழும் வேகத்திலேயே நன்றாகக் கலந்துவிடும். நிறைந்த தொட்டியின் மேலே ஊற்றினால் மேலேயே நிற்கும். முதலில் திறக்கும் தெருவுக்கு ஒன்றும் போகாது, கடைசியில் திறக்கும் தெருவுக்கு மூக்கைத் துளைக்கும். மருந்து ஊற்றித் தொட்டி நிறைந்தபின் குறைந்தது அரை மணி நேரம் கழித்தே வால்வைத் திறக்க வேண்டும். நம் பக்கத்துப் போர்த் தண்ணீர் பலவும் காரத்தன்மை கூடியது. காரம் கூடினால் குளோரின் மெதுவாகத்தான் வேலை செய்யும். முடிந்தால் ஒரு மணி நேரம் விடுங்கள். ராத்திரி ஏற்றி, மருந்து போட்டு, விடிகாலை திறப்பது பெரும்பாலான ஊர்களுக்கு ஒத்துவரும்.

ஏணியில் ஏறும்போது வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறாதீர்கள். மேலே போய்க் கயிற்றில் இழுத்துக்கொள்ளுங்கள். ஈர ஏணி, மழை, இடி என்றால் ஏறவே வேண்டாம். கீழே ஓர் ஆள் கட்டாயம் இருக்க வேண்டும். கண்ணில் பட்டால் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேராக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.

கடைசிக் குழாய்

மிச்சக் குளோரினைச் சோதிக்க இரண்டு வகை ரசாயனம் உண்டு. ஆர்த்தோடொலிடின் சொட்டு விட்டால் தண்ணீர் மஞ்சளாகும். டிபிடி போட்டால் இளஞ்சிவப்பாகும். நிறத்தைக் குளோரோஸ்கோப் அட்டையோடு, அதாவது எந்த நிறத்துக்கு எத்தனை மில்லிகிராம் என்று காட்டும் அட்டையோடு ஒப்பிட வேண்டும். ஆர்த்தோடொலிடின் என்றால் சொட்டு விட்டதும் பத்து விநாடிக்குள் பாருங்கள், நேரம் போகப் போக நிறம் கூடிப் பொய் சொல்லும். அது உடம்புக்கு ஆகாத ரசாயனம். தோலில் படக் கூடாது, சோதித்த தண்ணீரைக் குடத்தில் திருப்பி ஊற்றக் கூடாது. கிடைத்தால் டிபிடியே மேல். ஒரு எச்சரிக்கை: குளோரின் அளவுக்கு மீறி இருந்தால் டிபிடி நிறம் வெளுத்து, ஒன்றுமே இல்லாதது போலக் காட்டும். வாடை தூக்குகிறது, நிறம் வரவில்லை என்றால் நல்ல தண்ணீரில் பத்து மடங்கு கலந்து மறுபடி பாருங்கள்.

இந்தியத் தரக் குறியீடு ஐஎஸ் 10500 கேட்பது லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம். கடைசிக் குழாயில் 0.2 முதல் 0.5 வரை, தொட்டிக்குப் பக்கத்துக் குழாயில் 1-ஐத் தாண்டாமல் இருந்தால் நன்று.

அந்தக் கடைசிக் குழாய் யார் தெருவில் இருக்கிறது என்று பாருங்கள். பல ஊர்களில் அது ஆதிதிராவிடர் குடியிருப்பில் இருக்கும், அல்லது ஊருக்கு வெளியே தோட்டத்துச் சாளைகளுக்குப் (தோட்ட வீடுகளுக்கு) போகும் நீண்ட குழாயில் இருக்கும். குழாய் அப்படித்தான் பதிக்கப்பட்டது. தொட்டிக்குக் கீழே இருக்கும் குழாயில் பார்த்துவிட்டு நோட்டில் 0.5 என்று எழுதுவது அந்தத் தெருவுக்குச் செய்யும் அநியாயம். தினமும் சோதிக்கும் ஒரே குழாய் என்றால் அது அந்தத் தெருக் குழாயாகத்தான் இருக்க வேண்டும். அங்கே குடியிருக்கும் ஒருவருக்கே அட்டையைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

ஒரு குழாயில் மட்டும் திடீரென்று சுழியம் காட்டி, முந்தின குழாயில் 0.4 இருந்தால், இடையில் ஏதோ ஓர் இடத்தில் அழுக்கு சேர்கிறது. சாக்கடையை ஒட்டிப் போகும் குழாய், கசியும் ஜாயின்ட், புதைந்துபோன வால்வுக் குழி இவற்றைத் தேடுங்கள். தண்ணீர் நின்றபின் குழாய் காலியாகும்போது வெளி அழுக்கை உள்ளே உறிஞ்சும். வீட்டு இணைப்பில் மோட்டார் வைத்து இழுப்பவர்கள் இந்த உறிஞ்சலைப் பலமடங்கு கூட்டுகிறார்கள். அவர்கள் வீட்டுக்குத் தண்ணீர் அதிகம் வரலாம், அடுத்த வீட்டுக்குச் சாக்கடை வரும். இதை ஊர்க்கூட்டத்தில் சொல்லத் தயங்காதீர்கள்.

மருந்து வாடை

முதல் வாரத்திலேயே வந்துவிடும் இந்தப் பேச்சு. "ஏங்கண்ணு, இன்னைக்கு மருந்த அள்ளிக் கொட்டிட்டியா? சோத்துலகூட வாடை அடிக்குது." இதைக் கேட்டு மறுநாள் மருந்தைப் பாதியாக்கும் ஆபரேட்டர்கள்தான் அதிகம். அப்படிச் செய்யாதீர்கள். "இல்லீங்காத்தா, அளந்துதானுங்க போட்டேன், வாங்க, உங்க கொழாயிலயே பாத்துக் காட்டறேன்" என்று சொல்லி அவர் கண் முன்னாலேயே சோதித்துக் காட்டுங்கள். 0.5 என்றால் பயமில்லை. குடத்தை அரை மணி நேரம் வெள்ளைத் துணி மூடி வைத்தால் வாடை பெருமளவு போய்விடும். 1-க்கு மேலே என்றால் அவர் சொன்னது சரி, கலந்த விதத்தைப் பாருங்கள். இன்னொன்றும் உண்டு: கழிவுநீர் கலந்த தண்ணீரில் மருந்து போதாமல் இருந்தாலும் காட்டமான வாடை வரும். வாடையை வைத்து அளவைச் சொல்ல முடியாது, அட்டைதான் சொல்லும்.

தொட்டி கழுவும் நாள்

பல ஊராட்சிகளில் மாதம் 5, 20 தேதிகளில் கழுவுகிறார்கள். தண்ணீரை வடித்து, சேற்றை வாரி, சுவரைத் தேய்த்து, பிளீச்சிங் கரைசலை அடித்து அரை மணி நேரம் ஊறவிட்டு, அலசி, வாஷ்அவுட் வால்வு வழியாக வெளியேற்ற வேண்டும். உள்ளே இறங்குபவர் தனியாக இறங்கக் கூடாது. மேலே ஓர் ஆள் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கட்டும். வழியும் குழாய்க்கும் காற்றுக் குழாய்க்கும் வலை கட்டுங்கள், டெங்கு கொசுவுக்கு அது போதும் வாசல்.

மூடிக்குப் பூட்டு, ஏணிக்கு அடைப்பு. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தொட்டிக்குள் மலம் கலக்கப்பட்டது தெரிந்தபின்னும் பூட்டில்லாத தொட்டி ஓர் ஊரில் இருப்பது எனக்குத் தாங்கவில்லை. எத்தனை கிராம் குளோரினும் அதற்குப் பதில் ஆகாது.

நோம்பிக் காலம்

ஊர் நோம்பி (திருவிழா) வந்தால் ஒரு நாளைக்கு ஒருமுறை நிறையும் தொட்டி மூன்று முறை நிறையும். ஒவ்வொரு முறையும் மருந்து அளக்க வேண்டும். காலையில் போட்டதே போதும் என்று விட்டால் சாயங்காலம் பொங்கல் வைக்க வருபவர்களுக்கு வெறும் தண்ணீர்தான் கிடைக்கும். அன்னதானத்துக்கு லாரியில் தண்ணீர் வந்தால் அதையும் சோதியுங்கள். எங்கே பிடித்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரே தெருவில் இரண்டு மூன்று பேருக்கு வயிற்றுப்போக்கு என்று காதில் விழுந்தால் காத்திருக்க வேண்டாம். கிராம சுகாதார செவிலியருக்கோ சுகாதார ஆய்வாளருக்கோ அன்றைக்கே சொல்லுங்கள். எல்லாக் குழாயிலும் 0.5 வரும் அளவுக்கு மருந்தைக் கூட்டுங்கள், அந்தத் தெருக் குழாயை முதலில் தோண்டிப் பாருங்கள், தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லுங்கள். கிருமிப் பரிசோதனைக்குத் தண்ணீர் எடுத்துக் குடிநீர் வடிகால் வாரிய லேபுக்கு அனுப்புங்கள். அதற்கான பாட்டிலை அவர்களிடமே வாங்குங்கள். குளோரினை முறிக்கும் பொருள் அதில் முன்கூட்டியே போட்டிருப்பார்கள், வீட்டுப் பாட்டிலில் கொடுத்தால் முடிவு சரியாக வராது.

நோட்டில் தினமும் எழுத வேண்டியது: தேதி, எந்தத் தண்ணீர், எத்தனை லிட்டர், எத்தனை கிராம், எந்த மூட்டை, வால்வு திறந்த நேரம், பக்கத்துக் குழாய் அளவு, கடைசிக் குழாய் அளவு. அளவு சுழியம் என்றால் சுழியம் என்றே எழுதுங்கள். அடுத்த நாள் எங்கே தோண்டுவது என்று அந்தச் சுழியத்தை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.